தகரத்தைத் தின்னும் உப்பு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மகாபலிபுரம் தாண்டியாச்சு, பாலாறு தாண்டியாச்சு. கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் பாதையும் பின்னால் போய்விட்டது. மரக்காணம் நெருங்க நெருங்க, தென்னையும் சவுக்கும் சட்டென்று விலகிக்கொள்ள, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. பாத்தி பாத்தியாக உப்பளம். ஓரத்தில் குவித்து, மேலே ஓலை வேய்ந்த உப்பு மேடுகள். என்ன செய்வீர்கள்? காரை ஓரங்கட்டி நாலு போட்டோ எடுப்பீர்கள். ‘காத்து எவ்ளோ சுகமா வருது பாரு!’ என்று வீட்டாரிடம் சொல்வீர்கள்.

அந்தக் காற்று உங்களுக்குச் சுகம்தான். உங்கள் காருக்குத்தான் எமன்.

புதுக் கார் என்றால் உடனே பயப்பட ஒன்றுமில்லை. உங்களுடையது 15 வயசு தாண்டிய வண்டியா? கடலோரத்திலேயே குடியிருக்கிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் சிரமம் பார்க்காமல் கீழே குனியுங்கள். கதவின் அடி விளிம்பில், பின் சக்கரத்துக்கு மேலே வளையும் தகட்டில், பெயிண்ட் வேர்க்குரு மாதிரி கொப்பளித்திருக்கிறதா? நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் கொட்டும். இன்னும் கொஞ்சம் சுரண்டினால் விரலே உள்ளே போகும்!

அடுத்த காட்சி, டிங்கர் ஷெட். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டு எழுந்து வருவார். ‘சார், தரையெல்லாம் போயிடுச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணணும்’ என்பார். சொல்லிவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுப்பார். ‘என்னது, ஒரு தகரத்தை ஒட்டவா இவ்வளவு?’ என்று நீங்கள் அதிர்ச்சி ஆவீர்கள்.

அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசினால் உங்களுக்கும் நல்லது, மேஸ்திரிக்கும் நல்லது.

முதலில் உப்புக்காரர்களிடமிருந்தே தொடங்கலாம்.

மரக்காணம் ஏதோ நேற்று முளைத்த ஊர் இல்லை. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால், செங்கடலிலிருந்து இந்தியா வரை வணிகம் செய்த முகம் தெரியாத ஒரு கிரேக்கக்காரர் எழுதிவைத்த ‘பெரிப்ளஸ்’ குறிப்புகளில் நம் கரையிலுள்ள மூன்று துறைமுகங்கள் வருகின்றன. கமரா, பொதுகே, சோபட்மா. கடைசியில் சொன்ன சோபட்மா மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் பட்டினமாக வரும் எயிற்பட்டினமும் இதுதான் என்கிறார்கள். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாண உப்பு முழுவதையும் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டதே, அப்போது அதன் பிடியில் சிக்கிய கரைகளில் இதுவும் ஒன்று. ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே இறங்கிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் மரக்காணத்தில்தான். சென்னைக்குப் போன உப்பும் விறகும் ஒரு காலத்தில் அந்தக் கால்வாயில் படகேறிப் போயின.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உப்பு வாருகிறவர் கையில் இருப்பது நீளமான கழியில் பொருத்திய மரப்பலகை. கால்வாயில் உப்பு ஏற்றிய படகு மரம். குவியலை மூடுவது ஓலை. உப்போடு பிழைக்கிறவன் முடிந்தவரை இரும்பை அந்தப் பக்கம் சேர்ப்பதில்லை. யாரும் அவனுக்கு வேதியியல் பாடம் எடுக்கவில்லை. இரும்பு அங்கே தாங்காது என்பது அவன் அனுபவம். 1965, 66-ல் அடித்த புயல்களில் கால்வாய் சிதைந்து படகுகள் ஓய்ந்தன. உப்பு லாரியில் ஏறியது. மூட்டையிலிருந்து கசியும் உப்புநீர் சொட்டுச் சொட்டாக லாரியின் இரும்புச் சட்டத்தில் இறங்கத் தொடங்கியது. பின்னாலேயே நல்ல சாலை வந்தது, உங்கள் காரும் வந்தது.

சரி, உப்புக்கு இரும்பின் மேல் அப்படி என்ன கோபம்?

இரும்பு துருப்பிடிக்க உப்பே தேவையில்லை. தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் போதும். துரு என்பது ஒரு குட்டி பேட்டரி. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு கரைகிறது, பக்கத்துப் புள்ளிக்கு மின்சாரம் ஓடுகிறது. வெறும் மழைத்தண்ணீரில் அந்த மின்சாரம் நொண்டியடிக்கும். உப்புத் தண்ணீரில் எக்ஸ்பிரஸ் வேகம்! அது மட்டுமில்லை. உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். உங்கள் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே சமாசாரம். கடலோரத்தில் ராத்திரி ஈரப்பதம் அந்த அளவைத் தொடுவது சர்வசாதாரணம். ஆக, மழையே பெய்யாவிட்டாலும், வண்டியின் இடுக்கில் படிந்த உப்பு ஒவ்வொரு ராத்திரியும் அங்கேயே ஒரு சொட்டுத் தண்ணீரை வரவழைத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்தும் ரொம்ப நாளாகவே தெரியும். 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானியிடம் இங்கிலாந்துக் கடற்படை ஒரு பிரச்னையோடு வந்தது. மரக் கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரில் அரிக்கிறது, என்ன செய்யலாம்? டேவி செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ ஒரு துண்டு சேர்த்து வைத்தார். செம்புக்குப் பதிலாக அந்தத் துண்டு கரைந்தது. செம்பு பிழைத்தது. ஆனால் பாருங்கள் கூத்தை! செம்பு கரைகிற விஷத்தில்தான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் அவை கப்பலடியில் குடித்தனம் போட்டுவிட்டன. கப்பல் வேகம் குறைய, கடற்படை திட்டத்தையே கைவிட்டது. யோசனை மட்டும் வீணாகவில்லை. 1837-ல் பிரான்ஸில் சோரல் என்பவர் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் வீட்டு வாளியிலும் கூரைத் தகட்டிலும் இருக்கும் அந்தப் பூச்சு.

அட, 1837-லேயே மருந்து கிடைத்துவிட்டதே, அப்புறம் ஏன் 1980-ல் செய்த கார்கூடத் துருப்பிடித்தது என்று கேட்கிறீர்களா? காசுதான் காரணம். துத்தநாகம் பூசினால் செலவு கம்பெனிக்கு. பூசாவிட்டால் செலவு பிற்பாடு உங்களுக்கு. போர்ஷே கம்பெனி 1970-களின் நடுவில்தான் தன் 911 காரின் உடம்புக்குத் துத்தநாகம் பூசிய தகட்டைக் கொண்டுவந்தது. ஆடி 1980-களில் அதைப் பின்பற்றியது. மற்றவர்கள் இன்னும் தாமதம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்பகாலக் கார்களுக்கு இந்தத் தகரப் பிரச்னையே கிடையாது. சென்னை மவுன்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியைத் தெரியும்தானே? 1840-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் தொழிலே குதிரை வண்டி கட்டுவது. 1903-ல் அங்கேதான் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஊரையே வாய்பிளக்க வைத்தார்கள். அந்தக் காலத்தில் சீமையிலிருந்து வந்து இறங்கும் பல கார்கள் வெறும் சட்டமும் இன்ஜினும்தான். மேலே உட்காரும் கூண்டை இங்கே ஆசாரிகள் மரத்தில் கட்டினார்கள். கூண்டு கெட்டால் ஆசாரியைக் கூப்பிடலாம். அடியில் இருக்கும் சட்டம் கனத்த இரும்பு. அது அரிக்க ஒரு ஆயுசு ஆகும்.

இந்த ஏற்பாட்டை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எட்வர்ட் பட். மெல்லிய இரும்புத் தகடுகளை அச்சில் அழுத்தி, ஒன்றோடொன்று வெல்டிங் செய்து முழுக் கூண்டையும் இரும்பிலேயே செய்தார். 1910-களில் டாட்ஜ் கார்கள் அப்படி வெளிவந்தன. அடுத்து ஒரு படி மேலே போய், ‘இந்தக் கூண்டே இவ்வளவு உறுதியாக இருக்கே, அடியில் தனியாகச் சட்டம் எதுக்கு?’ என்று கேட்டார்கள். 1922-ல் இத்தாலியின் லான்சியா லாம்டா, 1934-ல் பிரான்ஸின் சிட்ரோயன் என்று சட்டமே இல்லாத கார்கள் வந்தன. எடை குறைவு, விலை குறைவு. ஆனால் இப்போது காரைத் தாங்குவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. அதில் ஓட்டை விழுந்தால் போவது அழகு மட்டுமில்லை. காரின் முதுகெலும்பே போகிறது.

இங்கேதான் டிங்கர் உள்ளே வருகிறார்.

நம்ம ஊர் அம்பாசடர் சட்டமில்லாத கார்தான். 1957 முதல் 2014 வரை கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தார்கள். அதே மாதிரிதான் ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி ஆனது. மூன்றாவது ஒன்று நம் சொந்த ஊர்க்காரர். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது மட்டும் வித்தியாசமான பிறவி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கூண்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகத் தகடுகளை போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். அவர்களுடைய சங்கடம் நமக்கு லாபம். தகடு போனால் போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டலாம். ஆனால் அந்தச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்துவிட்டால்? திரும்பவும் வெல்டிங்தான்.

இனி வருவது எனக்குப் பிடித்த பகுதி. கணக்கு!

பி.காம். படித்தவர்கள் அத்தனை பேருக்கும் தேய்மானம் அத்துப்படி. வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவிகிதம் கழிப்பார்கள். 1 லட்ச ரூபாய்க் கார் 10 வருஷம் கழித்து ஏட்டில் சுமார் 19,700 ரூபாய். 20 வருஷம் போனால் 4,000-க்கும் கீழே. ஆனால் லைசென்ஸ் ராஜ்ய காலத்தில் நிஜம் நேர்மாறு. புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் ஓடுகிற பழைய வண்டி இருந்தால், சமயத்தில் புதுசு விலையைவிடக் கூடக் கேட்டார்கள். ஏட்டில் தேய்மானம், தெருவில் ஏறுமானம்!

அப்படிப்பட்ட ஊரில் யாராவது காரைப் பழைய இரும்புக்குப் போடுவார்களா? தரைத் தகடு போனால் தகடு. மட்கார்டு போனால் அதற்கொரு ஒட்டு. ஒட்டு அரித்தால் ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டு. வெல்டிங் செலவு எவ்வளவு ஆனாலும் புதுக் கார் கிடைக்காது என்பதால் அந்தச் செலவு நியாயமாகவே இருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த டிங்கர்கள் சிலரை உருவாக்கியது நம் அரசாங்கத்தின் லைசென்ஸ் கொள்கை என்றால் நம்புவீர்களா? நான் நம்புகிறேன்.

அவர்களுடைய ஆயுதத்தைப் பாருங்கள். 1892-ல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பவர் வேறு எதையோ தேடப்போய்க் கிடைத்தது கால்சியம் கார்பைட். அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அதை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரித்தால் 3,000 டிகிரிக்கும் மேலான சுடர். 1903 வாக்கில் பிரான்ஸில் அதற்கான டார்ச் தயாரானது. நம்ம ஊர் ஷெட்டுகளில் இரும்பு டிரம்மில் கார்பைட் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டு, பூண்டு நாற்றத்தோடு கிளம்பும் அந்த வாயுவில்தான் இரண்டு தலைமுறை டிங்கர்கள் வேலை செய்தார்கள். கொஞ்சம் அசந்தால் டிரம்மே வெடிக்கும். (மாங்காயைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கல்தான்!)

மெல்லிய தகட்டில் அந்தச் சுடரைக் காட்டினால் தகடு அப்பளம் மாதிரி வளையும். ஓரிடத்தில் ஒரு பொட்டு, தள்ளி இன்னொரு பொட்டு என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்து, ஈரத்துணியால் ஒற்றி, சுத்தியலால் தட்டி நேராக்குவது ஒரு கலை. இப்போது பல ஷெட்டுகளில் ‘சி.ஓ.டூ வெல்டிங்’ வந்துவிட்டது. சூடு குறைவு, வேகம் அதிகம். கைப்பழக்கம் மட்டும் அன்றும் இன்றும் வேண்டும்.

1983 டிசம்பர் 14. முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார் இந்திரா காந்தி. 1991-க்குப் பிறகு கதவு முழுசாகத் திறந்தது. கியூவும் போச்சு, பழைய வண்டியின் பிரீமியமும் போச்சு. தேய்மானம் ஏட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது. வெல்டிங் செலவு நியாயமா என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் பிறந்தது.

இது நம் பிரச்னை மட்டுமா? பனி பெய்யும் நாடுகளில் போய்ப் பாருங்கள். கடலே இல்லாத ஊரிலும் கார் துருப்பிடிக்கும். காரணம், அவர்களே உப்பைக் கொட்டுகிறார்கள்! 1938-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சாலையில் உறைந்த பனியைக் கரைக்க உப்பு தூவிப் பார்த்தது. இன்று அது வருஷா வருஷம் டன் கணக்கில் நடக்கிறது. நாம் காசு வாங்கிக்கொண்டு விற்கிற உப்பை அவர்கள் காசு கொடுத்துத் தெருவில் கொட்டி, பின்பு வெல்டிங்குக்கும் காசு கொடுக்கிறார்கள்.

அங்கே இந்தத் துரு ஒரு பெரிய கம்பெனியையே கவிழ்த்திருக்கிறது. முன்னே சொன்ன அதே லான்சியா! 1980-ல் இங்கிலாந்தில் அதன் பீட்டா கார்களில் இன்ஜினைத் தாங்கும் சட்டமே அரித்துப்போன விவகாரம் பத்திரிகைகளில் வெடித்தது. கம்பெனி கார்களைத் திரும்ப விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. போன பெயர் திரும்பவில்லை. 1994-ல் அந்த நாட்டிலிருந்தே மூட்டை கட்டியது.

இங்கிலாந்தில் 1960-லிருந்து பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. இப்போது 3 வயது நிறைந்த காருக்கு வருஷா வருஷம். துரு விஷயத்தில் அவர்கள் கறார். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலவீனமாக அரித்திருந்தால் ஃபெயில். அந்த இடத்தை பட்டி போட்டு மூடியிருந்தால் செல்லாது. பித்தளையால் பற்றவைத்தாலும் செல்லாது. நல்ல தகடு வரை வெட்டி, சுற்றிலும் முறையாக வெல்டிங் செய்திருக்க வேண்டும்.

நம் நாட்டில்? சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருஷம் யாரும் அடிவயிற்றைக் குனிந்து பார்ப்பதில்லை. அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் உப்பு தன் வேலையைப் பாதிக்கு மேல் முடித்திருக்கும். அந்தச் சோதனைக்குப் போகும் முன் பலர் செய்வது என்ன? பட்டி, பெயிண்ட், பளபளப்பு!

இப்போது அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் எடுங்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய காரை இன்றைய நிலையில் விற்றால் 60,000 ரூபாய். ஒழுங்கான வெல்டிங்குக்கு எஸ்டிமேட் 45,000. செய்து முடித்தபின் விற்றால் 75,000 தேறும். விற்பதற்காக இந்த வேலையைச் செய்தால் 45,000 போட்டு 15,000 எடுக்கிறீர்கள். 30,000 ரூபாய் காலி. பெரும்பாலானோர் இந்தக் கணக்கோடு நிறுத்தி, ‘வண்டி விலையில் முக்கால்வாசியை வெல்டிங்குக்குக் கொடுக்கறதா? பைத்தியமா?’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் விற்கப் போவதில்லை, இன்னும் 5 வருஷம் ஓட்டப் போகிறீர்கள் என்றால்? 45,000-ஐ 60 மாதத்தால் வகுங்கள். மாதம் 750 ரூபாய். புதுக் காரின் மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்வீட்டில் ஒருவர் 12,000 ரூபாயில் பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து, ‘பார்த்தீங்களா, நாலில் ஒரு பங்கில் முடிச்சுட்டேன்’ என்று பெருமையடிக்கிறாரா? அடுத்த மழைக்காலத்துக்கு அந்த இடம் மறுபடி கொப்பளிக்கும். 12,000-ஐ 12 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,000. மலிவு வேலைதான் விலை கூடியது! அதோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடிக்கும்போது அவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பட்டி. அவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

‘இன்ஷூரன்ஸ் இருக்கே?’ என்று ஒரு குரல் கேட்கிறது. துரு தேய்மானத்தில் சேரும். தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசியில் இடமே இல்லை, ஒரு பைசா வராது. விபத்து என்றால் வரும். அதிலும் உலோக பாகங்களுக்கு, வண்டிக்கு 5 வயது தாண்டினால் 40 சதவிகிதம், 10 வயது தாண்டினால் 50 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள். அதாவது 10,000 ரூபாய்க் கதவுக்கு உங்களுக்குக் கிடைப்பது 5,000. மேஸ்திரியின் கூலிக்கு இந்தத் தேய்மானப் பிடித்தம் கிடையாது என்பது ஒரு ஆறுதல். ஆகவே கிளெய்ம் போடும்போது பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பில்லைப் பிரித்து வாங்குங்கள்.

அரசாங்கமும் தன் பங்குக்குத் தராசில் எடை வைக்கிறது. 15 வயதைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த மத்தியக் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய காருக்கு 10,000 என்றார்கள். 2021-ல் வந்த வாகனக் கழிவுக் கொள்கையின் நோக்கமே, பழசை இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்பதுதான். புகைக்காக அது சரியாக இருக்கலாம். ஆனால் அடித்தகடு உறுதியாக இருக்கும் 20 வயது வண்டியையும், பட்டியால் நிற்கும் 12 வயது வண்டியையும் வயதை வைத்து மட்டும் எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-ல் திறந்தது. நாட்டிலேயே அரிப்பு அதிகமான இடங்களில் ஒன்று. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்து மண்டபத்தில் அரிப்பைச் சோதிப்பதற்காகவே ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. 108 வருஷம்! 1964 புயலில் சிதைந்தபோது ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டது நமக்குத் தெரியும். மற்ற வருஷங்களில் பெயர் தெரியாத ஆட்கள் ஓயாமல் சுரண்டியதும், பெயிண்ட் அடித்ததும், அரித்த துண்டை மாற்றியதும்தான் அதைக் காப்பாற்றியது.

கடைசியாக, ஷெட்டில் நிற்கும்போது என்ன கேட்பது என்று சொல்லிவிடுகிறேன். வெல்டிங் கூலியில் பெரும்பகுதி வெல்டிங்குக்கே இல்லை. சீட்டைக் கழற்றுவது, கார்ப்பெட்டை எடுப்பது, பெட்ரோல் டேங்க் அருகில் சுடர் காட்ட வேண்டியிருந்தால் டேங்க்கையே இறக்குவது, நல்ல இரும்பு வரும்வரை சுரண்டுவது... இதற்கெல்லாம்தான் காசு. ஒரு மணி நேர வெல்டிங்குக்கு முன்னால் ஒரு நாள் வேலை இருக்கும். அதில் கைவைத்துப் பேரம் பேசினால், மேஸ்திரி துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆகவே பிரைமர் அடிக்கும் முன் ஒருமுறை நேரில் போய், வெட்டிய இடத்தையும் ஒட்டிய இடத்தையும் பாருங்கள். ஒட்டின் உள்பக்கம், கை போகாத பெட்டிகளுக்குள், மெழுகோ அரிப்புத் தடுப்பு எண்ணெயோ பீய்ச்சச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வெல்டிங் சூட்டில் பழைய பெயிண்ட் எரிந்துபோன அந்த உள்பக்கத்திலிருந்துதான் அடுத்த துரு கிளம்பும். கதவடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுடையது சமீபத்துக் கார் என்றால் இன்னொரு எச்சரிக்கை. இப்போதைய வண்டிகளின் தூண்களில் அதிஉறுதி இரும்பு இருக்கிறது. சூடு காட்டினால் அதன் பலமே போய்விடும். அங்கே கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

உற்பத்தி நின்றுபோன வண்டிக்குப் புதுத் தகடு கிடைக்கவில்லையா? புதுப்பேட்டைக்கு ஒருநடை போய்வாருங்கள். உள்ளூர் வண்டியிலிருந்து வெட்டிய தகடு கிடைத்தால் கடலோர வண்டியினுடையதைவிட நல்லது, விசாரித்து வாங்குங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் புகுந்த காரில் கார்ப்பெட் மேலே காய்ந்துவிட்டாலும் அடியில் ஈரமும் உப்பும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்படி நனைந்த வண்டி என்றால் இந்த வாரமே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். நனையாத வண்டி என்றால் மழை தொடங்கும் முன், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஷெட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் எல்லாரும் ஊருக்குப் போக வண்டியை ரெடி பண்ண வந்து நிற்பார்கள். மேஸ்திரிக்கு உங்கள் வண்டிக்கு அடியில் படுக்க நேரம் இருக்காது.